பழைய புகைபோக்கியும் புதிய அடுப்பும்

சிம்லா, முசூரி, நைனிதால் முதலிய இமயமலை ஊர்களிலும், தெற்கே உதகமண்டலத்திலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற பங்களாக்கள் இன்றும் பல நிற்கின்றன. குளிர் நாட்டிலிருந்து வந்த ஆங்கிலேயர் தம் ஊர் வழக்கப்படி ஒவ்வோர் அறையிலும் ஒரு கணப்பும், அதற்குரிய புகைபோக்கியும் வைத்துக் கட்டினர். 1864ஆம் ஆண்டில் சிம்லா அவர்களது அரசின் கோடைக்காலத் தலைநகரான பின்னர் இத்தகைய கட்டடங்கள் அங்கே பெருகின. அவற்றுட் பல இப்போது அலுவலகங்களாகவும், வன ஓய்வில்லங்களாகவும், பள்ளிகளாகவும், மாணவர் விடுதிகளாகவும் பயன்படுகின்றன. கணப்புகள் பல ஆண்டுகளாக நெருப்பைக் காணாமல் கிடக்கின்றன.

திறந்த கணப்பில் விறகு விரைவில் தீர்ந்துவிடும். அறையோ போதிய அளவு சூடேறாது. ஆதலால் அதே இடத்தில் மூடிய இரும்பு அடுப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் குளிர்காலந்தோறும் எழுகிறது. காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் ‘புகாரி’ என வழங்கும் தகர அடுப்பு முதல், வார்ப்பிரும்பில் செய்த கனத்த அடுப்பு வரை பலவகை அடுப்புகள் கிடைக்கின்றன. அடுப்பை வாங்கிக் கணப்பினுள் நிறுத்தி, அதன் குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், அடுப்பு வந்து சேருமுன்பே புகைபோக்கியில் செய்ய வேண்டிய வேலை மிகுதியாக உள்ளது. அதனைச் செய்யாது விடுவோர் அவ்வறையில் உறங்குவோரின் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

திறந்த கணப்பின் புகையும் மூடிய அடுப்பின் புகையும்

திறந்த கணப்பு தன் நெருப்புக்குத் தேவையானதைக் காட்டிலும் பன்மடங்கு காற்றை அறையிலிருந்து இழுத்து மேலே அனுப்புகிறது. அறையின் சூடும் அக்காற்றுடன் வெளியேறிவிடுகிறது. ரம்போர்டு பிரபு என்னும் பெஞ்சமின் தாம்ஸன் 1796ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இவ்வீணை எடுத்துக்காட்டிக் கணப்பின் தொண்டைப் பகுதியை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குறுக்குமாறு கூறினார். ஆயினும், திறந்த கணப்பு திறந்த கணப்பே. அதன் புகைவழி பெரும் அளவு காற்றைக் கொண்டு செல்வதற்கென அகலமாகக் கட்டப்பட்டது.

மூடிய அடுப்பின் இயல்பு வேறு. அது சிறிதளவு காற்றையே உட்கொண்டு நிதானமாக எரிகிறது. அதன் புகையின் அளவு குறைவு. 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடுப்புக் குழாயின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 177 சதுர சென்டிமீட்டர். 23 சென்டிமீட்டர் சதுரமான பழைய செங்கல் புகைவழியின் பரப்போ 529 சதுர சென்டிமீட்டர். மும்மடங்கு அகன்ற வழியில் நுழைந்த புகை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஏறும். குளிர்ந்த செங்கற்சுவரை ஒட்டி அவ்வாறு மெல்லச் செல்கையில் அதன் உஷ்ணம் குன்றிவிடுகிறது.

புகை குளிர்வதால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. முதலாவது, மேலிழுக்கும் ஆற்றல் குறைகிறது. புகைபோக்கி வேலை செய்வதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சூடான வாயு, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைவிட இலேசாக இருப்பதே. வெளியே 0 டிகிரி சென்டிகிரேடும், 6 மீட்டர் உயரமுள்ள புகைவழியினுள் சராசரியாக 200 டிகிரியும் இருப்பதாகக் கொள்வோம். கடல்மட்டத்தில் இவ்வேறுபாடு தரும் அழுத்தம் 3.3 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமம். சிம்லாவைப் போல் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றே அடர்த்தி குறைந்தது. ஆதலின் அங்கு அது சுமார் 2.5 மில்லிமீட்டராகும். புகை சராசரியாக 60 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுமாயின் எஞ்சுவது சற்றேறக்குறைய 1 மில்லிமீட்டரே. இத்துணைச் சிறிய அழுத்தத்தை ஒரு பலத்த காற்று எளிதில் புரட்டி, புகையை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது தீங்கு பிசுக்கு. நன்கு காய்ந்த விறகு 1 கிலோகிராம் எரியும்போது அரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வெளிப்படுகிறது. விறகிலுள்ள ஈரம் இதில் ஒரு பகுதி. விறகிலுள்ள ஹைடிரஜன் எரிவதால் உண்டாகும் நீர் பெரும்பகுதி. இந்த ஆவியோடு தார் போன்ற பொருள்களும் கலந்து செல்கின்றன. புகையின் உஷ்ணம் ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே தாழ்ந்ததும் தார்ப் பொருள்கள் சுவரில் படியத் தொடங்குகின்றன. இன்னும் தாழ்ந்தால் நீரும் வடிகிறது. அமிலம் கலந்த அந்நீர் சுண்ணாம்புச் சாந்தை அரிக்கிறது. சுவரின் வெளிப்புறத்தில் பழுப்புக் கறைகள் தோன்றுகின்றன. படிந்த பிசுக்கு ஒருநாள் தீப்பற்றினால் புகைவழியினுள் உஷ்ணம் 1,000 டிகிரியையும் தாண்டக்கூடும். செங்கல் வெடிக்கும், அருகிலுள்ள மரச்சட்டங்கள் பற்றிக்கொள்ளும்.

அடுத்த அறைக்குப் பரவும் நச்சுவாயு

காற்றுக் குறைவாக எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள செம்பொருளான ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பிடிப்புடன் இணைகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை முதற்குறிகள். மலையூர்களில் இக்குறிகளை உயரத்தாலோ குளிராலோ வந்தவை எனக் கொண்டு, கதவை இன்னும் இறுக மூடிப் படுத்துவிடுவோர் உண்டு. இவ்வாயுவின் கொடுமை அதனாலேயே மிகுகிறது.

பழைய பங்களாக்களில் இதற்கு மற்றுமொரு காரணமும் உள்ளது. கூரையின்மேல் ஒரே தூணாகத் தோன்றும் புகைபோக்கிக்குள் இரண்டு, நான்கு, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட புகைவழிகள் அடுத்தடுத்துச் செல்லும். இவற்றைப் பிரிக்கும் சுவர் அரைச் செங்கல் அகலமே உடையது. நூறாண்டுக்கு மேலான சாந்து உதிர்ந்த இடத்தில் ஒரு வழியின் புகை அடுத்த வழிக்குள் புகுந்து, நெருப்பே மூட்டாத அடுத்த அறைக்கு இறங்கிவிடலாம். அடுப்பு உள்ள அறையில் விழித்திருப்பவர் நலமாக இருக்க, அடுத்த அறையில் உறங்குபவர் பாதிக்கப்படுவது இவ்வாறுதான்.

முதற்பணி: துப்புரவு

எல்லாவற்றுக்கும் முன்னர்ப் புகைவழியைத் துப்புரவாக்குதல் வேண்டும். நெடுநாள் பயன்படாத புகைவழியில் பறவைக் கூடுகள், உதிர்ந்த செங்கற்கள், காய்ந்த இலைகள் ஆகியவை அடைத்திருக்கும். மழைநீர் இறங்காதிருக்க எவரேனும் தகரத்தையோ சாக்கையோ உச்சியில் திணித்திருத்தலும் கூடும். குரங்குகள் உச்சிக் குடுவையைப் புரட்டிவிட்டிருக்கலாம். இருண்ட பொந்துகளை நாடும் அடுக்குத் தேனீக்கள் உள்ளே கூடு வைத்திருப்பதும் உண்டு. அவற்றை நெருப்பு மூட்டி விரட்ட முயலுதல் ஆபத்தானது. உருகிய மெழுகு தீப்பற்றும். தேனீ வளர்ப்பில் பழகியவரைக் கொண்டு கூட்டை அகற்றுதலே முறை. பறவைகள் குஞ்சு பொரித்திருக்குமாயின் அவை பறந்து செல்லும்வரை காத்திருத்தல் நலம்.

கணப்பின் வாயை ஈரச் சாக்கினால் மூடிவிட்டு, உச்சியிலிருந்து கயிற்றில் இரும்புக்குண்டும் முரட்டுத் தூரிகையும் கட்டி இறக்கி ஏற்றித் துடைக்கலாம். கூரையில் ஏறுபவர் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியிருத்தல் கட்டாயம். உச்சிச் செங்கற்கள் ஆடுகின்றனவா என்று பார்க்குமுன் அதன்மீது சாயவோ கயிற்றை அதில் கட்டவோ கூடாது.

புகைக்கரியை எளிதாக எண்ணுதல் தவறு. இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775ஆம் ஆண்டில், சிறுவயது முதல் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் எனக் காட்டினார். ஒரு தொழிலில் கையாளும் பொருள் புற்றுநோயை விளைவிக்கும் என முதன்முதலில் அறியப்பட்டது அப்போதுதான். ஆயினும் சிறுவர்களைப் புகைவழிக்குள் ஏற்றும் கொடிய வழக்கம் இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஒழிந்தது. ஆகவே துடைப்பவர் முகமூடி, கண்ணாடி, கையுறை அணிதல் வேண்டும். வேலை முடிந்ததும் உடலைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். பள்ளிக் கட்டடமாயின் மாணவரை இவ்வேலையில் எக்காரணத்தாலும் ஈடுபடுத்தலாகாது.

இரண்டாம் பணி: சோதனை

துடைத்த புகைவழியின் அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து நோக்கினால், வழி நேராக உள்ளவிடத்து வானம் சதுரமாகத் தெரியும். வளைவுள்ளவிடத்து மின்விளக்கு ஒன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தல் வேண்டும். ஓர் ஆணியால் சாந்தைக் கீறிப் பார்க்கலாம். எளிதில் மணலாக உதிர்ந்தால் அது வலுவிழந்துவிட்டது என்று பொருள். கூரைக்கு மேலுள்ள பகுதி செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டினால் அறியலாம். இமயமலைப் பகுதி நிலநடுக்கத்துக்கு உட்பட்டது. 1905ஆம் ஆண்டுக் காங்கடா நிலநடுக்கம் தொலைவிலுள்ள முசூரி, டேராடூன் கட்டடங்களையும் சேதப்படுத்தியது. உயர்ந்து மெலிந்த செங்கற்புகைபோக்கி அத்தகைய அதிர்ச்சியில் எளிதில் விழக்கூடியது. சாய்ந்தோ விரிந்தோ இருப்பதைப் பொறியாளரைக் கலந்து பிரித்துக் கட்டுதலே தக்கது.

புகைவழியை ஒட்டி மரம் உள்ளதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். சிம்லாவிலும் காஷ்மீரத்திலும் ‘தஜ்ஜி’ முறையில் கட்டிய சுவர்கள் மிகுதி. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் இடைவெளிகளைக் கல்லும் மண்ணும் கொண்டு நிரப்புவது இம்முறை. பூச்சுக்குள் மறைந்திருப்பதால் சட்டம் எங்கே உள்ளது என்பது கண்ணுக்குத் தெரியாது. உத்திரங்களின் முனைகள் புகைபோக்கிச் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருத்தலும் உண்டு. நெடுநாள் சூடு பட்ட மரம் முன்னினும் குறைந்த உஷ்ணத்திலேயே தீப்பற்றும் தன்மையை அடைகிறது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இறுதியாகப் புகைச்சோதனை. முதலில் சிறிது காகிதத்தை எரித்துப் புகைவழியைச் சூடாக்குக. பின்னர் ஈர வைக்கோலையோ பச்சிலையையோ இட்டுப் புகையெழுப்புக. உச்சியில் புகை நன்றாக வெளிப்பட்டதும், அதன் வாயை ஈரச் சாக்கினால் மூடச் செய்க. ஒவ்வோர் அறையிலும், மச்சிலும், பக்கத்துக் கணப்புகளின் அருகிலும் ஒருவர் நின்று எங்கே புகை கசிகிறது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறியிடுதல் வேண்டும். ஓரிரு நிமிடங்கள் போதும்; உடனே சாக்கை அகற்றிச் சன்னல்களைத் திறந்துவிடுக. சோதனை நடக்கும்போது கட்டடத்தில் உறங்குவோரும் குழந்தைகளும் இருத்தலாகாது.

மூன்றாம் பணி: உட்குழாய்

கசிவுகளைச் சுண்ணாம்புச் சாந்தினால் அடைத்தல் வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்பினால் கட்டப்பட்டது. சூட்டில் விரிந்து சுருங்குவதற்கு அது சிறிது இடம் கொடுக்கும். கடினமான சிமெண்டுச் சாந்து அவ்வாறு இணங்காமல் விரிசல் விடும். எனினும் சாந்துப்பூச்சு மட்டும் போதாது. புகைவழியின் அகலத்தைக் குறைத்துப் புகையைச் சூடாகவே மேலே கொண்டு செல்வதற்கு உட்குழாய் ஒன்று இன்றியமையாதது. முன்னர்க் கூறிய தீங்குகள் அனைத்துக்கும் இவ்வொன்றே மருந்து எனலாம்.

உட்குழாயின் உள்ளளவு அடுப்பின் புகைவாயின் அளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதனினும் மிக அகன்றதாக இருத்தலும் கூடாது. துருவேறாத எஃகுக் குழாய் இதற்கு ஏற்றது. நன்கு சுட்ட களிமண் குழாயும் ஏற்றதே. ஆனால் அதனை வளைவுள்ள புகைவழியில் இறக்குதல் கடினம். குழாய்க்கும் செங்கல்லுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை, சூடு கடத்தாத வெர்மிகுலைட்டு போன்ற பொருளால் நிரப்பினால் புகை குளிராது. நாகம் பூசிய தகரக் குழாயை உட்குழாயாக்குதல் சிக்கனம் போலத் தோன்றும். அமில நீரில் அது சில ஆண்டுகளிலேயே துளைபடும். நாகம் 420 டிகிரியில் உருகிவிடும். அதன் புகையும் நன்றன்று. முற்காலத்தில் பெரிதும் பயன்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய் தீயில் வெடிக்கக்கூடியது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புகுந்து புற்றுநோயை உண்டாக்குவன. பழைய கட்டடத்தில் அத்தகைய குழாய் காணப்பட்டால் அதனை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவரைக் கொண்டு அகற்றுதல் வேண்டும்.

கணப்பின் தொண்டையை எஃகுத் தகட்டினால் மூடி, அதன் நடுவே உட்குழாயைச் செலுத்தி, சந்துகளைத் தீ தாங்கும் கலவையால் அடைத்தல் வேண்டும். இத்தகடு இல்லையேல் அறையின் வெப்பம் முழுதும் குழாயைச் சுற்றி மேலேறிவிடும். கரியை அள்ளுவதற்கு ஒரு சிறு கதவும் அமைத்தல் நலம். உச்சி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும். சுற்றிலும் 3 மீட்டர் தொலைவுக்குள் உள்ள எதனைக் காட்டிலும் 60 சென்டிமீட்டராவது மேலே நிற்றல் வேண்டும். மழைக்கு மூடியும், பறவைக்கு அகன்ற கண்களையுடைய வலையும் பொருத்துக. நெருக்கமான வலை பிசுக்கினால் விரைவில் அடைபடும்.

அடுப்பிலிருந்து செல்லும் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 45 சென்டிமீட்டர் இடைவெளி விடுதல் வேண்டும். படுக்கையாகச் செல்லும் பகுதி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதமாவது மேனோக்கி உயர்ந்து செல்லட்டும். இணைப்புகளில் மேற்குழாயின் குறுகிய முனை கீழ்க்குழாயினுள் இறங்குமாறு அமைத்தல் வேண்டும். மாற்றி அமைத்தால் பிசுக்கு வெளியே வடியும். ஓர் அடுப்புக்கு ஒரு புகைவழி என்னும் விதியை எக்காரணத்தாலும் மீறலாகாது.

காற்றும் விறகும்

மேலே புகை செல்ல வேண்டுமாயின் கீழே காற்று வருதல் வேண்டும். 1 கிலோகிராம் விறகு எரிவதற்குக் கணக்குப்படி சுமார் 5 கனமீட்டர் காற்றுத் தேவை. நடைமுறையில் அதனைப்போல் இரு மடங்கு செல்லும். மலையுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இவ்வளவு இன்னும் கூடும். கதவிடுக்குகளையும் சன்னல்களையும் காகிதம் ஒட்டி அடைத்த அறையில் அடுப்பு மூச்சுத் திணறும், நச்சுவாயு பெருகும். ஆகவே மூட முடியாத காற்றுத்துளை ஒன்றைச் சுவரில் வைத்துவிடுதல் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இப்போது கிடைக்கிறது. அடுப்புள்ள அறையிலும், அதே புகைபோக்கியை ஒட்டிய படுக்கையறைகளிலும் ஒவ்வொன்று வைத்தல் நலம். ஆனால் அக்கருவி துப்புரவுக்கும் சோதனைக்கும் ஈடாகாது.

புதிய சாந்து உலரும்வரை சில நாட்கள் சிறு நெருப்பே மூட்டுக. விறகைப் பிளந்து, கூரையின்கீழ் காற்றோட்டமாக அடுக்கி, ஓராண்டு உலர்த்திய பின் பயன்படுத்துக. இரவில் காற்றுக்கதவை முழுதும் அடைத்து, பச்சை விறகைப் புகையவிடும் வழக்கம் பிசுக்குக்கும் நச்சுவாயுவுக்கும் வழிவகுப்பது. கரிப்படிவு 3 மில்லிமீட்டர் கனம் அடைந்ததும், அடையாவிடினும் ஆண்டுக்கொருமுறை குளிர்காலத்துக்கு முன்னும், புகைவழியைத் துடைத்தல் வேண்டும். புகைவழியில் தீப்பற்றி இரைச்சல் கேட்டால் அடுப்பின் காற்றுக்கதவை அடைத்து, அனைவரையும் வெளியேற்றித் தீயணைப்புப் படையினரை அழைத்தல் வேண்டும். சூடேறிய இரும்பின்மீது நீரை ஊற்றலாகாது.

வகுப்பறையில் காட்டத்தக்கது

புகைபோக்கியின் தத்துவத்தை ஆசிரியர் எளிதில் விளக்கிக் காட்டலாம். ஓர் அட்டைப்பெட்டியின் மேற்புறத்தில் இரண்டு துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடிக் கூடு ஒன்றை நிறுத்துக. முன்பக்கத்துக்குக் கண்ணாடித் தகடு பொருத்துக. ஒரு கூட்டின் அடியில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, மற்றொரு கூட்டின் வாயில் புகையும் ஊதுவத்தியைப் பிடித்தால், புகை அக்கூட்டின் வழியே கீழிறங்கிப் பெட்டியினுள் சென்று மெழுகுவத்திக்கு மேலுள்ள கூட்டின் வழியே வெளியேறுவதை மாணவர் காண்பர். பின்னர் ஊதுவத்திப் பக்கத்துக் கூட்டின் வாயை அட்டையால் மூடினால் சுடர் மங்கித் தடுமாறும். சன்னல்கள் யாவற்றையும் அடைத்த அறையில் அடுப்புக்கு நேர்வது இதுவே என அப்போது எடுத்துரைக்கலாம்.

களப்பணியாளர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சிறு பதிவேடு வைத்துக்கொள்ளுதல் நன்று. எந்தப் புகைவழி எந்த அறைக்குரியது, எப்போது துடைக்கப்பட்டது, புகைச்சோதனையில் எங்கே கசிந்தது, எவ்வாறு அடைக்கப்பட்டது என்பனவற்றை நாளிட்டு எழுதிவைத்தல் வேண்டும். பணியாளர் மாறுவர், கட்டடம் அங்கேயே இருக்கும். அடுத்த குளிர்காலத்தில் புதிதாக வருபவர் அடுப்பை மூட்டுமுன் அப்பதிவேட்டைப் பார்ப்பாராயின், சோதிக்கப்படாத புகைவழி எது என்பதை அறிந்து அதனை மூட்டாது விடுவார்.